ஒரு லிட்டர் சாட்சி

அணுபுரம் குடியிருப்பில் காலை ஏழே முக்காலுக்கெல்லாம் லட்சுமணன் சாரின் வெள்ளை எஸ்டீம் கார் உறுமத் தொடங்கிவிடும். சார் புறப்படுவது எட்டு ஐந்துக்கு. நடுவிலுள்ள இருபது நிமிடமும் இஞ்சின் ஓட, ஏசி ஓட, வண்டி மட்டும் ஓடாமல் வாசலில் நிற்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. உள்ளே ஏறினால் ஊட்டி மாதிரி இருக்க வேண்டுமாம். எதிர் பிளாக்கிலிருந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் ஒரு பெரிய அதிகாரி புறப்படப் போகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வண்டியின் தலையில் வருஷம் முழுக்க ஒரு லக்கேஜ் கேரியர். அதில் லக்கேஜ் ஏறியது ஒரே ஒருமுறை, திருப்பதி போனபோது. டயரில் காற்றைக் குறைவாகத்தான் வைப்பார். மெத்தையில் போவது போல் இருக்கிறதாம். டிக்கியில் மாமல்லபுரத்தில் வாங்கிய கருங்கல் பிள்ளையார், நாற்பது கிலோ. மும்பையிலிருந்து வரவிருந்த மேலதிகாரிக்கு நினைவுப் பரிசு. மேலதிகாரி இரண்டு வருஷமாக வரவில்லை. எந்த நேரம் வந்தாலும் கொடுக்க வேண்டுமே என்று பிள்ளையார் தினமும் ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தார்.

இத்தனையையும் இழுத்துக்கொண்டு ஓட்டுகிறவன் துரை. வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். மூன்று வருஷமாக இந்த வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள், "டயர்ல காத்து கம்மியா கீது சார், பெட்ரோல் தின்னும்" என்று சொல்லிப் பார்த்தான்.

"நான் எம்.டெக். நீ?"

"எட்டாங் கிளாஸ் சார்."

"அப்போ ஓட்டு."

அதற்குப் பிறகு துரை ஓட்டினான், பேசவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, குடியிருப்பின் கேட்டில் வண்டி நின்றபோது சார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். நாலு பேருக்குக் கேட்க வேண்டிய விஷயம் என்றால் அவர் கண்ணாடியை இறக்குவது வழக்கம்.

"கம்பெனி புத்தகத்துல லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர்னு போட்டிருக்கான். நம்ம வண்டி எட்டு குடுக்குது. மீதி ஏழு எங்கே போகுது துரை?"

"வண்டி குடிக்குது சார்."

"வண்டி குடிக்குதா, நீ வித்துக் குடிக்கிறியா?"

வாட்ச்மேன் சீனு சிரித்தான். அதிகாரி பேசினால் சிரித்துவைப்பதும் அவன் டியூட்டியில் ஒன்று. சைக்கிளில் நின்ற இரண்டு பேர் துரையை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

மறுநாளே பெட்ரோல் டேங்குக்குப் பூட்டு வந்தது. சாவி சாரிடம். அப்படியும் மைலேஜ் எட்டைத் தாண்டவில்லை. விஞ்ஞானம் படித்தவர் இந்த இடத்தில் தன் சந்தேகத்தைச் சந்தேகப்பட்டிருக்கலாம். அவரோ, துரையிடம் கள்ளச்சாவி இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

துரையின் மனைவி வேண்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. "திருடன்னு பேரு வந்துட்சின்னா இந்த டவுன்ஷிப்புல எவன் உன்னை நம்பி வண்டி குடுப்பான்?"

"அதான்மே பேஜாரா கீது. வேலை போனா வேற வேலை. பேரு போனா இன்னா பண்றது?"

அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் எரிபொருள் சிக்கன வாரம் வந்தது. சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு போட்டி. டேங்குக் குழாயைக் கழற்றிவிட்டு, அளந்த ஒரு லிட்டர் பெட்ரோலை ஒரு பாட்டிலில் ஊற்றி இஞ்சினோடு இணைப்பார்கள். அது தீரும்வரை எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். விளம்பரத்தைப் படித்ததும் லட்சுமணன் சாரின் முகம் மலர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை நீயும் வர்றே. வண்டியை நான் ஓட்டுவேன், நீ பின்னால கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. பதினஞ்சு கிலோமீட்டர் ஓடுச்சுன்னா திருட்டு நிரூபணம். திங்கட்கிழமை நீ வரவேண்டாம்."

சார் கையில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று துரைக்கும் தெரியாதே.

ஞாயிறு காலை முன் சீட்டுக்கு எதிரே பாட்டிலைப் பொருத்தியது போட்டியை நடத்த வந்த சியாமளா என்ற இன்ஜினியர். "மேல கேரியரைக் கழட்டிடலாமா சார்?" என்று கேட்டார்.

"அது வண்டிக்கு ஒரு லட்சணம்மா."

சியாமளா முன் சீட்டில் ஏறினார். சாரின் மனைவி ஜெகதாம்பாள் பின்னால், துரைக்குப் பக்கத்தில். கல்பாக்கம் திசையில் வண்டி கிளம்பியது. ஏசி முழுதாக ஓடியது. சார் கிளச்சின் மேல் வைத்த இடது காலை எடுக்கவே இல்லை. முன்னால் போன ஒவ்வொரு லாரியையும் அதிகாரத் தோரணையில் விரட்டிப் போய், ஒவ்வொரு முறையும் பிரேக் போட்டார். துரை பின்னாலிருந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து. ஆறு. ஏழு.

மணமை கிராமம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமியது. சவுக்குத் தோப்பு ஓரமாக உருண்டு நின்றது.

சியாமளா குனிந்து பார்த்தார். "ஏழு புள்ளி ஒன்பது."

ஜெகதாம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "டேங்குக்குப் பூட்டு இருக்கு. பாட்டில் இந்தம்மா கண்ணு முன்னால இருக்கு. துரை கையைக் கட்டிக்கிட்டு என் பக்கத்துல இருக்கான். மீதி ஏழு கிலோமீட்டரை யாருங்க எடுத்தா, நானா?"

துரை கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"வண்டி வழக்கமா யார் ஓட்டுவா?" என்று கேட்ட சியாமளா, துரையைப் பார்த்து, "இன்னொரு லிட்டர் இருக்கு. உங்க இஷ்டப்படி ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

"இஷ்டப்படின்னா, கொஞ்சம் வேலை கீதுங்க மேடம்."

ஸ்பேனரை எடுத்துக் கேரியரைக் கழற்றினான். பக்கத்துப் பஞ்சர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நாலு டயருக்கும் அளவாகக் காற்று அடித்தான். பிள்ளையாரை டீக்கடைப் பெஞ்சில் இறக்கி வைத்தான்; கடைக்காரர் என்ன ஏது என்று கேட்காமல் கற்பூரம் ஏற்றிவிட்டார். ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கினான். சியாமளா பாட்டிலை நிரப்பியதும், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை வடக்கே திருப்பினான்.

ஐம்பதுக்கு மேல் போகவில்லை. கிளச்சை மிதிக்கவேண்டியபோது மட்டும் மிதித்தான். தூரத்தில் மாடு தெரிந்தால் அப்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். மாமல்லபுரம் வந்தது, போனது. சாளுவன்குப்பம் போனது. பட்டிபுலத்துக்குப் பக்கத்தில்தான் பாட்டில் காலியானது.

"பதினாலு புள்ளி ஆறு," என்றார் சியாமளா.

லட்சுமணன் சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஏசி இல்லாததால் மட்டும் வந்த வேர்வை அல்ல அது. பிறகு சியாமளாவிடம் திரும்பி, கூட்டத்தில் பேசும் குரலில் ஆரம்பித்தார். "பாருங்க மேடம், ஒரு வண்டி அதிகமா குடிச்சா முதல்ல டயரைப் பாக்கணும். டிக்கியைப் பாக்கணும். நம்ம காலைப் பாக்கணும். டிரைவரோட பாக்கெட்டைக் கடைசியா பாக்கணும். இதுல நான் கண்டது என்னன்னா, பெட்ரோலைக் குடிச்சது என்னோட பந்தா."

"நல்லா இருக்கு," என்றார் ஜெகதாம்பாள். "அதை அவன்கிட்ட சொல்லுங்க."

சார் துரையின் பக்கம் திரும்பினார். கூட்டத்துக் குரல் காணாமல் போயிருந்தது. "துரை, உன்னைத் திருடன்னது தப்புப்பா. மன்னிச்சுக்கோ."

துரைக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"எனக்கு இன்னா சார், நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். நீங்க என்னை டவுன்ஷிப் கேட்டாண்ட வெச்சுத்தான் சொன்னீங்கோ. நாலு பேரு கேட்டுகினு இருந்தாங்கோ. ஒருத்தன் பேரை எந்த எடத்துல கெடுத்தமோ, அந்த எடத்துலயே தான் சார் திருப்பிக் குடுக்கணும்."

அன்று சாயங்காலம் வண்டி குடியிருப்பின் கேட்டில் நின்றது. சார் கண்ணாடியை இறக்கவில்லை. கதவைத் திறந்து கீழே இறங்கி, சீனுவிடமும் அங்கே நின்றவர்களிடமும் நடந்ததைச் சொன்னார். சீனு பழக்கதோஷத்தில் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டு, துரைக்கு ஒரு சல்யூட் வைத்தான்.