ஆறு தொடாத தண்ணீர்

பாட்டிலில் தண்ணீரை அடைத்துக்கொண்டு போய் ஆற்றில் என்னென்ன மீன் இருக்கிறதென்று சொல்லப்போகிறாளாம். நான் நம்பவில்லை. புன்னக்காயலில் தாமிரபரணி கடலில் விழுகிற இடம் வரைக்கும் என் படகில்தான் வந்தாள், ஆராய்ச்சிக்காரப் பெண் சந்தனச்செல்வி. “மீன் போன எடத்துல சளி, செதிலுன்னு எதையாவது விட்டுட்டுத்தான் போவும் அண்ணாச்சி. அதுல உள்ள டிஎன்ஏ போதும்” என்றாள். எனக்கென்னவோ கண்ணில் மண்ணைத் தூவுகிற வேலையாகத்தான் பட்டது. மீன் இருக்கிறதென்றால் பிடிக்காதே என்பார்கள், இல்லையென்றால் ஏதாவது கம்பெனிக்கு ஆற்றை எழுதிக் கொடுப்பார்கள். எது வந்தாலும் நம் பிழைப்பில்தான் கைவைப்பார்கள்.

நடுவில் ஒரு பாட்டிலைத் திறந்து, மூடியை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு ஏதோ எழுதினாள். அது லேபிலிருந்தே கொண்டுவந்த தண்ணீராம்; படகில் சும்மா திறந்து மூட வேண்டுமாம், அதில் எந்த மீனும் தெரியக் கூடாதாம். கழுவாத மூடியை யார் வீட்டில் போடுவார்கள்? படகு வாளியில் கிடந்த தண்ணீரில் ஒரு அலசு அலசிக் கொடுத்தேன். அவள் கவனிக்கவில்லை.

இருபது நாள் கழித்துக் கரைக்கு வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஆத்துத் தண்ணியில மடவை, கொடுவா, கெழுத்தின்னு எல்லாம் சரியா வந்திருக்கு அண்ணாச்சி. ஆறே தொடாத சுத்தத் தண்ணியில போயி கடக்குதிரை இருக்கு. நாந்தான் எங்கயோ கெடுத்துட்டேன்னு சாரு ஏசுதாரு. இந்தத் தடவையும் தப்பாச்சுன்னா வேலைய விட்டே தூக்கிருவாவ.”

கடல்குதிரை! பிடித்தால் ஜெயில் என்று இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதைத் தொட்டதில்லை. வாரம் இரண்டு நாள் என் படகை வாங்கிக்கொண்டு போகிறவன் தங்கச்சி டெல்பினின் புருஷன் ஆன்றோ. நண்டு வலைக்கு என்பான். ஒரு நண்டு வீட்டுக்கு வந்ததில்லை. இந்தப் பெண் கண்ணில் மண்ணைத் தூவுகிறாள் என்று சந்தேகப்பட்டேனே, மடையன், என் படகில் என்ன ஏறி இறங்குகிறதென்று பார்த்தேனா? டெல்பினுக்கு இது எட்டாம் மாதம். அந்த வாளித் தண்ணீரில் மூடியை அலசினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவள் தப்பிப்பாள், அவன் மாட்டுவான். குனிந்து அவளுடைய பாட்டில் பெட்டியைத் தூக்கினேன்.

“இன்னைக்குப் படகையும் தொடச்சு எடுத்துப் பாத்திருதேன்” என்று கையுறையை மாட்டினாள். “கையில ஒட்டியிருந்தாக்கூட காட்டிக் குடுத்துரும் அண்ணாச்சி.”

அந்நேரம் பார்த்து ஆன்றோ வந்து நின்றான். “என்ன மச்சான், பெட்டிய நீங்களா தூக்குதிய? விடுங்க” என்று சிரித்தபடி பாட்டில் பெட்டிக்குக் கையை நீட்டினான்.

“ஏலே, தொடாத!”

என் சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. சந்தனச்செல்வி அவன் விரல்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.