மெத்தைக்காரரும் அடுக்குமாடி பார்க்கிங்கும்

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி மூச்சிரைக்க மாடியேறி வந்தான். கீழே அவர்களுடைய மெத்தைக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"அக்கா, ஆபீசுக்குப் போன் போட்டு ரோட்டுல இருக்கற தடுப்புக் கம்பத்தயெல்லாம் எடுக்கச் சொல்லு. இன்னிக்கு ஒருநாள் கார் உள்ள வரட்டும்."

சொன்னால் எடுத்துவிடுவார்கள்தான். நகராட்சியில் அவள் பொறியாளர். ஆற்றங்கரைச் சாலையில் கார்களைத் தடுத்து, நடைபாதையும் மரங்களும் பெஞ்சுகளுமாக மாற்றியது அவள் போட்ட திட்டம். கார்களுக்குப் பாலத்தடியில் ஓர் அடுக்குமாடி பார்க்கிங். அங்கிருந்து கடைக்குக் கொஞ்ச தூர நடை.

அந்தக் கொஞ்ச தூரத்துக்காகத்தான் அப்பா அவளோடு மல்லுக்கு நின்றார். பொதுக்கூட்டத்தில் எழுந்து, "மெத்த வாங்கறவன் தலையில சுமந்துக்கிட்டு நடப்பானாம்மா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

"உன் பார்க்கிங் பத்தாது. பாத்துக்கிட்டே இரு, காத்து வாங்கப் போகுது."

"ரெண்டுல எதுப்பா?"

"ரெண்டும்தான். ஒருத்தனும் நடந்து வரமாட்டான். என் சாவுக்குக்கூட வரமாட்டான்."

மெத்தைகளை வேனில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பியதில் வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. அதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நடைபாதையில் காலெடுத்து வைக்காமல் பின்சந்து வழியாகவே போய்வந்தார். சாப்பிட உட்கார்ந்தால், "இன்னிக்கு உன் பார்க்கிங்ல எத்தன காக்கா நின்னுச்சு?" என்பார். முந்தாநாள்கூடக் கேட்டார். நேற்றுக் காலையில் எழுந்திருக்கவில்லை.

அவள் போனை எடுத்தாள்.

"எடுக்கச் சொல்லாத," என்றாள் அம்மா, அவர் தலைமாட்டிலிருந்து.

"வயசானவங்க எப்படிம்மா வருவாங்க?"

"அதுக்குத்தான் பேட்டரி வண்டி விட்டிருக்கீங்களே. இன்னிக்குக் கம்பத்த எடுத்தா உங்கப்பா ஜெயிச்சிட்டுப் போயிருவாரு. ஒரு தடவயாவது தோக்கட்டும்டீ." சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். நடைபாதை வெறிச்சென்று கிடந்தது. யாரும் வராவிட்டால், அப்பாவை அநாதை மாதிரி அனுப்பிய பெருமை அவள் திட்டத்துக்குத்தான்.

முதலில் தெரிந்தவர் மெத்தை உறை தைக்கும் தையல்காரர். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, யாரையோ திட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் பஞ்சு வியாபாரி. அப்புறம் கடையிலிருந்து முதல் மெத்தை வாங்கிப்போன தம்பதிகள், எதிர்க்கடைப் போட்டிக்காரர், முகமே தெரியாதவர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரங்களுக்கு நடுவே தலைகளாக நிறைந்துவிட்டது.

"சாகும்போதும் நல்லா நடக்க வச்சிட்டாரு மனுசன்," என்றார் தையல்காரர், படியில் உட்கார்ந்து.

அமரர் ஊர்திக்கு மட்டும் உள்ளே வர அனுமதி உண்டு. ஆனால் கடை வேன் டிரைவர் மறித்தார். "எதுக்கும்மா வண்டி? பாலம் வரைக்கும் நாங்களே தூக்கிட்டுப் போறோம்."

அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர், கரை நெடுக அத்தனை பேர் தோளில் மாறி மாறிப் போனார். வலப்பக்கம் ஆறு கூடவே வந்தது. அழுதுகொண்டே நடந்தவளுக்குக் கர்வம் தாங்கவில்லை. பாத்தீங்களாப்பா என்று உரக்கக் கேட்கவேண்டும் போலிருந்தது.

பாலத்தடியில் பார்க்கிங் காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், மொத தடவயா நெறஞ்சிருச்சு."

வாசல் பலகையில் காலி இடங்களைக் காட்டி எப்போதும் பச்சையாக எரியும் எண்கள் இல்லை. சிவப்பு எழுத்தில் 'இடமில்லை' என்றிருந்தது.

அம்மா பலகையைப் பார்த்தாள். பிறகு தோள்களில் இருந்த அப்பாவின் பெட்டியைப் பார்த்தாள்.

"பத்தாதுன்னு சொன்னாரில்ல," என்றாள்.

நிறுத்த இடம் தேடி ஒரு கார் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் கொஞ்சம் ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள்.