பாட்டுக்கு நடுவில் ஒரு ஃபிரிட்ஜ்

மூன்றாவது பாட்டிலும் அந்தச் சத்தம் இருந்தது.

பெண் குரல். முதல் அடியை முடித்து இரண்டாவது அடிக்கு மூச்சு வாங்கும் இடைவெளியில், கீழே ஒரு முனகல். விக்கல் எடுத்ததுபோல் ஒரு தடவை தடுக்கி, மறுபடி முனகியது. கூடவே கண்ணாடியோடு கண்ணாடி உரசும் கிணுகிணுப்பு.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். போன மாதம் ஒலிபரப்பிய இரண்டு பாட்டுகளை எடுத்துப் போட்டாள். ஒன்று ஆண் குரல், ஒன்று வயதான அம்மா. இரண்டிலும் அடிக்கும் அடிக்கும் நடுவில் அதே முனகல், அதே விக்கல், அதே கண்ணாடி. பாடும்போது மட்டும் கேட்கவில்லை. குரல் அதை மூடிக்கொள்கிறது என்று நினைத்தாள்.

மூன்று பேர். மூன்றும் வெவ்வேறு இடத்தில் பதிவானவை என்று தம்பி சொல்லியிருந்தான். ஒரே அறை.

வானொலி நிலையத்தில் எல்லோரும் அவளைக் காது என்றே அழைத்தார்கள். நேரிலேயே அழைத்தார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் அவளுடையது. யாரும் கேள்விப்படாத பாடகர்களை வாரம் ஒருவராகக் கொண்டுவந்து, இவரை ஊரே கேட்க வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. அவள் சொன்னால் ஊர் கேட்டது. காரணம், அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெயர் தெரியாமல்தான் கேட்பாள். வருகிற பதிவுகளைத் தம்பி வாங்கிவைத்து, பெயரையும் ஊரையும் கழற்றிவிட்டு, எண் மட்டும் போட்டுக் கொடுப்பான். குரலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகும் பெயரைக் கடைசி நிமிடத்தில்தான் வாங்குவாள். பாட்டைப் போடுமுன் ஒவ்வொரு வாரமும் ஒரே வாக்கியம் சொல்வாள்: "அவங்க இடத்துலேயே பதிவு செஞ்சு அனுப்பினது. அப்படியே கேட்கிறோம்."

தம்பி அவளுடைய சொந்தத் தம்பி. ஒலிப்பதிவாளர் வேலைக்கு அவனைக் கொண்டுவந்து சேர்த்தது அவள்தான். மேலாளர் அதை மறக்கவில்லை. அவளையும் மறக்க விடவில்லை.

"அக்கா தேர்ந்தெடுக்கறாங்க, தம்பி பாட்டு வாங்கித் தர்றார். வீட்டு விசேஷம் மாதிரி இருக்குன்னு ஒரு புகார் வந்திருக்கு" என்று இரண்டு வாரம் முன்பு சொல்லியிருந்தார். "இன்னொண்ணு வந்துச்சுன்னா அந்த அரை மணி நேரத்தைத் தூக்கி வானிலைக்குக் கொடுத்துடுவேன்."

"வானிலைக்கு அரை மணி நேரமா? மழை பெய்யும், பெய்யாதுன்னு சொல்ல?"

"அதுல யாரும் சொந்தக்காரங்க இல்லையே" என்றார் மேலாளர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். சொல்லாமல் போனாள். கையில் அவனுடைய பழைய டப்பா ஒன்று, திருப்பிக் கொடுக்க.

கதவைத் திறந்தவன் ஒரு கணம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"ஃபோன் பண்ணிட்டு வரக்கூடாதாக்கா?"

"ஏன், உள்ளே யாராவது இருக்காங்களா?"

"யாரு இருக்கப்போறா?"

"எங்கே உன் பொண்டாட்டி?"

"அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. சாயங்காலம் வந்துடுவா."

"குட்டி?"

"அவளையும் கூட்டிட்டுத்தான்."

டப்பாவை வைக்கும் சாக்கில் அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். தொட்டியில் ஒரு தட்டு. கழுவிக் கவிழ்த்த ஒரு டம்ளர். ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. காத்திருந்தாள். அது விக்கியது. அதன் தலைமேல் நெருக்கி வைத்திருந்த இரண்டு வெற்று பாட்டில்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன.

அவள் டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்னக்கா அப்படியே நிக்கறே?"

"ஃபிரிட்ஜ் சத்தம் போடுதே."

"பழசு. ஆள் சொல்லியிருக்கேன்."

அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

திரும்பும் வழி முழுக்க அவள் கணக்குப் போட்டாள். மனைவி இல்லாத நேரம் பார்த்து ஆட்களை வரவழைக்கிறான். இங்கேயே பாடவைத்துப் பதிவு செய்கிறான். எண்ணைப் போட்டு என்னிடமே நீட்டுகிறான். நானும் பெயர் பார்க்காத பெரிய மனுஷி என்று, அவன் ஆட்களையே பொறுக்கி எடுத்து ஊருக்குப் பரிந்துரைக்கிறேன். காது என்று பெயர் வைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? சொந்தத் தம்பியே காது குத்திவிட்டான்.

அதைவிட மோசமாக இன்னொன்றும் தோன்றியது. மூன்றாவது குரல் இளம்பெண்ணுடையது. தம்பி வாசலை அடைத்து நின்ற நிற்பு.

திங்கட்கிழமை தம்பி சாப்பிடப் போனபோது அவனுடைய கணினியில் மூன்றாவது பாட்டின் எண்ணுக்குரிய பெயரைத் திறந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. பெயர், ஃபோன் எண், வேலை: கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

வானொலிக்காரியாகப் போய்க் கேட்டால் அந்தப் பெண் உஷாராகிவிடுவாள். அதனால் காது கார் கற்றுக்கொள்ள முடிவு செய்து, ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்.

அடுத்த நாள் காலை, ஒரு பள்ளி மைதானத்தின் ஓரத்தில், கூரைமேல் பலகை கட்டிய சிறிய கார் நின்றது. பயிற்சிக்காரி முப்பதைத் தொடாதவள். கையில் கடிகாரம், காலில் ஷூ. பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்தது.

"சீட்டை முன்னாடி இழுத்துக்குங்க. கண்ணாடியைச் சரி பண்ணுங்க. இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லைங்க. இதுதான் முதல் தடவை" என்றாள் காது.

பயிற்சிக்காரி திரும்பிப் பார்த்தாள். வாய் மெல்லத் திறந்தது.

"மேடம்... வெள்ளிக்கிழமை மேடம்தானே நீங்க?"

முகத்தை யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் வந்தவள், குரலைக் கூடவே கொண்டுவந்திருந்தாள்.

"என் பாட்டு விஷயமா வந்தீங்களா? எடுத்துட்டீங்களா? சொல்லுங்க மேடம், நான் வண்டியை அணைச்சுடறேன்."

"பாட்டு எங்கே பதிவு செஞ்சீங்க?"

"இங்கேதான்."

"இங்கேன்னா?"

"இந்த வண்டிக்குள்ளதான். வீட்டுல எங்க மாமியார் டிவியை விட்டா சண்டை, சண்டையை விட்டா டிவி. கிளாசுக்கும் கிளாசுக்கும் நடுவுல கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுப் பாடுவேன்."

காது அவளை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறவர்கள் குரல் கொஞ்சம் மேலே ஏறும். இவள் குரல் ஏறவில்லை. பழகின பொய்யாக இருக்கும்.

"காருக்குள்ள ஃபிரிட்ஜ் வெச்சிருக்கீங்களா?"

"என்னது?"

"உங்க பாட்டுல ஃபிரிட்ஜ் ஓடுது. பாட்டில் ஆடுது. என் தம்பி வீட்டு ஃபிரிட்ஜ்."

"உங்க தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது மேடம்."

"ஒலிப்பதிவாளர். அவர் வீட்டுக்கு நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

பயிற்சிக்காரி தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினாள். முன்பக்கமாகச் சுற்றிவந்து, காது உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"நான் கேட்டதுக்கு..."

"இறங்குங்க மேடம். வாரா வாரம் உங்களைக் கேட்டுட்டு, இந்தம்மா யாரு என்னன்னு பாக்காம குரலை மட்டும் பாக்கறாங்கன்னு நம்பி அனுப்பினேன். நீங்க என்னடான்னா பாட்டை விட்டுட்டு நான் எவன் வீட்டுக்குப் போறேன்னு பாக்க வந்திருக்கீங்க. என் பாட்டை நீங்க போட வேண்டாம். திருப்பிக் கொடுத்துடுங்க."

காது இறங்கினாள். 

"நீங்க அனுப்பினது உங்ககிட்ட இருக்கா?" என்றாள். குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. "ஒரு தடவை போடுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

பயிற்சிக்காரி முறைத்தாள். பிறகு ஃபோனை எடுத்து, காரின் கூரைமேல் வைத்துத் தட்டினாள்.

அதே பாட்டு. முதல் அடி முடிந்தது. மூச்சு வாங்கும் இடத்தில் பின்னால் எங்கோ லாரி ஹாரன். இரண்டாவது அடி. கண்ணாடி துடைப்பான் கிறீச்சிட்டு ஓடி நின்றது. மூன்றாவது அடிக்கு முன்னால், பின் இருக்கையிலிருந்து, அடுத்த கிளாசுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பயந்த குரல்: "அக்கா, நான் முன்னாடி வந்து ஹேண்ட் பிரேக்கை எடுக்கட்டுமா?" பாடுகிறவள் நிறுத்தவில்லை. "இரு" என்று அதே சுருதியில் இழுத்துச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனாள்.

ஃபிரிட்ஜ் இல்லை.

காது கடைசிவரை கேட்டாள். "மன்னிச்சிருங்க" என்றாள். பயிற்சிக்காரி ஃபோனை எடுத்துப் பையில் போட்டாள்.

"இதை இப்படியே போட்டா சம்மதமா?"

"இப்படியேன்னா? அந்த லாரியோடவா?"

"லாரியோட."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் பயிற்சிக்காரி. "இந்த கிளாஸ் கணக்குல வராது. நீங்க வண்டியை நகர்த்தவே இல்ல."

அவள் நிலையத்துக்குப் போனபோது தம்பி ஒலிப்பதிவு அறையில் இருந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

"வெட்டின இடத்துல என்னத்தை ஒட்டினே?"

அவன் கேள்வியைப் புரியாததுபோல் நடிக்கவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"சத்தத்தை எடுத்தா ஓட்டை விழும்க்கா. ஓட்டையை அப்படியே விட்டா ரேடியோ செத்துப்போச்சுன்னு நினைச்சுத் தட்டுவாங்க. யாரும் பேசாத வெறும் அறைச் சத்தம் கொஞ்சம் வெச்சு அடைக்கணும். எல்லாரும் செய்யறதுதான்."

"அப்படியே கேட்கிறோம்னு நான் வாரா வாரம் சொல்றேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுட்டு இருக்கே."

"அந்த ஆளு பாட்டுக்குப் பின்னாடி எவனோ கல்லு அறுக்கறான். அந்தம்மா வீட்டுல குழந்தை அழுவுது. அப்படியே கொடுத்தா நீயே தள்ளிவிட்டிருப்பே."

அவள் மறுக்கப் போய், வேறு கேள்விக்குத் தாவினாள். 

"அவங்கவங்க அறைச் சத்தத்தையே வெச்சிருக்கலாமே. ஏன் உன் வீடு?"

"அவங்க யாருகிட்டயும் சுத்தமா ஒரு நிமிஷம் கூட இல்லக்கா."

"உன் வீட்டுல இருந்துச்சாக்கும்? அந்தக் குட்டி வாயை மூடி நான் பாத்ததே இல்ல. தூக்கத்துல கூடப் பேசுவா. அவளை வெச்சுக்கிட்டு எப்போ எடுத்தே?"

தம்பி ஒரு வயரை எடுத்துச் சுருட்டினான். சுருட்டி முடித்து, பிரித்து, மறுபடி சுருட்டினான்.

"எப்போ வேணா எடுக்கலாம்க்கா" என்றான்.

ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் வந்துவிடப்போகிற மனைவி. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"குட்டியைக் கூட்டிட்டு எப்போ போனா?"

"மழைக்கு முன்னாடி."

"நான் யாருடா உனக்கு? ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே" என்றான். பிறகு, "கேட்டே. நான்தான் சொல்லல" என்றான்.

வியாழக்கிழமை பயிற்சிக்காரி ஃபோன் செய்தாள். "லாரியோட போடுங்க. பின்சீட்டுப் பொண்ணுகிட்டயும் கேட்டுட்டேன், அவளுக்கும் சம்மதம்."

வெள்ளிக்கிழமை சிவப்பு விளக்கு எரிந்ததும் காது மேலாளரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் வழக்கமாக வருவதில்லை. இன்று கை கட்டி நின்றார். அவளே வரச் சொல்லியிருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை.

போன மாதம் ஒலிபரப்பிய இரண்டு பாட்டுகள் அப்படியே கொடுத்தவை அல்ல என்று சொன்னாள். சத்தத்தை வெட்டி வேறு சத்தம் ஒட்டியிருந்தது, தெரியாமல் நான் உங்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன், அந்த இருவரும் அனுப்பியதை அடுத்த வாரம் அனுப்பியபடியே கேட்போம் என்றாள். யார் வெட்டியது என்று சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி தலையைத் தூக்கவில்லை. மேலாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"இன்னிக்குப் பாடறவங்க கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறாங்க. வண்டிக்குள்ளேயே பதிவு செஞ்சது. ஊரே கேட்க வேண்டிய குரல்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "அப்படியே கேட்கிறோம்."

லாரி போனது. துடைப்பான் ஓடியது. ஹேண்ட் பிரேக் இடத்தில் மேலாளரின் தோள் குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது அவர் வழியில் நின்றார்.

"ரெண்டு ஃபோன் வந்திருக்கு. ஒண்ணு, இத்தனை நாள் ஏமாத்தியிருக்கீங்கன்னு."

"இன்னொண்ணு?"

"அந்தப் பொண்ணு பிரேக்கை எடுத்துச்சா இல்லையான்னு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வானிலைக்காரங்ககிட்ட நான் இன்னும் ஒண்ணும் பேசல. பேசமாட்டேன்னும் சொல்லல. உங்க தம்பியைத் திங்கக்கிழமை என்னை வந்து பாக்கச் சொல்லுங்க."

தம்பி படிக்கட்டில் பையோடு நின்றிருந்தான். அவனிடம் அதைச் சொன்னாள். தலையாட்டினான்.

"சாயங்காலம் உன் வீட்டுக்கு வரேன்" என்றாள்.

"எதுக்கு?"

"ஃபிரிட்ஜைப் பாக்க."

"அதான் ஆள் சொல்லியிருக்கேன்னேனே. இன்னிக்கு வந்துடுவான்."

அவன் குரல் கொஞ்சம் மேலே ஏறியது. அது அவள் காதில் விழுந்தது.

"வரட்டும். நானும் கூட இருக்கேன்" என்றாள்.