பத்தடிக் குழாய்

கராஜில் கிடந்த பழைய பிரிட்ஜுக்குள் பீர்ப் பீப்பாயை வைத்து, அதன் கதவில் எல்ராய் ஓட்டை போட்டான். ஓட்டையில் பீர்க் குழாயின் கைப்பிடி முளைத்ததும் அவன் மனைவி ஆர்டிஸ் வாயைத் திறந்தாள்.

"பன்னெண்டு மணிக்கு டிவியில ஆட்டம். அதுக்குள்ள ஒழுங்கா ஒரு கிளாஸ் பீர் வரணும். வரலைன்னா உன் பீப்பாய் வெளிய, என் மான்கறி சாஸேஜ் உள்ள."

நவம்பரில் மான் வேட்டை தொடங்கிவிட்டால் விஸ்கான்சினில் மான்கறிக்கு இடம் தேடாத வீடு கிடையாது.

மணி பதினொன்றரை. எல்ராய் கைப்பிடியைச் சாய்த்தான். கிளாஸ் முழுக்க நுரை; அடியில் ஒரு விரற்கடை பீர்.

மடக்கு நாற்காலியில் இருந்த ஆர்டிஸின் அண்ணன் நார்ப் எட்டிப் பார்த்தான். "மாப்ளே, குடிக்கத் தர்றியா, ஷேவிங் பண்ணிவிடப் போறியா?"

"கேஸ் ஜாஸ்தி மச்சான்." பீரை வெளியே தள்ளும் கேஸ் சிலிண்டரின் தலையிலிருந்த திருகைத் தளர்த்தினான். பீப்பாய் மூடியின் வளையத்தை இழுத்து உஸ்ஸென்று காற்றை விட்டான். அழுத்தம் காட்டும் முள் பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு இறங்கியது. நுரை கூடியது. நாலுக்கு இறக்கினான். இப்போது செருப்பிலும் நுரை.

"விலையக் குறைச்சா ஆளுங்க ஓடி வருவாங்க. உனக்கு நுரைதான் ஓடி வருது," என்றான் நார்ப்.

சாஸேஜ் வாளியோடு வந்து நின்ற ஆர்டிஸ் பிரிட்ஜுக்குள் குனிந்தாள். "பீப்பாயிலருந்து வர்ற குழாய் என்ன, ரெண்டடிதான் இருக்கு?"

"பத்தடி குடுத்தாங்க. பாம்பு மாதிரி சுருண்டு அசிங்கமா கிடந்துச்சு. கழட்டிட்டேன்."

ஆர்டிஸ் சிரித்தாள். அண்டை வீட்டார் பழைய சாமான்களைக் கடைபரப்பி விற்கும்போது, இருபது டாலர் விளக்கை மூன்றுக்கு வாங்கும்போது வரும் சிரிப்பு அது.

"கோளாறு எதுன்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா என்ன தருவே?"

"புருஷன்கிட்டயே பேரமா?"

"மேல ரெண்டு தட்டு."

"ஒண்ணு."

"ஒண்ணு. கதவு அடுக்கும்."

பதினொன்று நாற்பது. "எடுத்துத் தொலை!"

"தோட்டத்து ஹோஸ் நீளமா இருந்தா தண்ணி அடங்கி வருது. குட்டையா இருந்தா மூஞ்சில அடிக்குது. இதுவும் அப்படித்தான். நீ அழுத்தத்தக் குறைக்கக் குறைக்க கேஸ் பீர விட்டுக் கழண்டு நுரையாகுது. முள்ளப் பன்னெண்டுக்கே ஏத்து. நீளக் குழாயப் போடு."

போட்டான். முதல் இரண்டு கிளாஸ் முரண்டு பிடித்தன. மூன்றாவதில் செம்பு நிறத்தில் பீர், மேலே இரண்டு விரல் நுரை. மணி பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம்.

அதை ஆர்டிஸே வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேல்தட்டிலும் கதவு அடுக்கிலும் சாஸேஜை அடுக்கினாள். கதவைச் சாத்த முழங்காலால் முட்டித் தள்ள வேண்டியிருந்தது.

"ஆக, பிரிட்ஜு யாருது மாப்ளே?" என்றான் நார்ப்.

"என்னுதுதான்," என்றான் எல்ராய், அடுத்த கிளாஸை நிரப்பிக்கொண்டே. "இடுப்புக்குக் கீழ."