பின்சக்கரத்துக் காது நட்டு

நான்தான், நண்டு. வயசு இருபத்திமூணு. இதை அம்மா யார் யாருக்கெல்லாம் அனுப்பி வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது, அதனால எல்லாத்தையும் சொல்லிடறேன். இருக்கறது ஒர்க்‌ஷாப்புக்கு மேல உள்ள சின்ன ரூம்ல, ஜன்னல் பக்கத்துல. கை பூரா கிரீஸ். அதான் டைப் பண்ணாம போன்ல பேசறேன், அது எழுதிக்குது. நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். அம்மா, முதல்ல அதைத்தானே கேப்பீங்க.

மாமா இன்னைக்கு ராத்திரிக்குள்ள பதில் சொல்லச் சொல்லியிருக்காரு. அவர் வேலை பாக்கற குளிர் குடோன்ல ஆள் எடுக்கறாங்க, நிரந்தர வேலை, அவரே பேசி வச்சிருக்காரு. இங்க எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. "பழைய இரும்பைத் தேய்ச்சுக்கிட்டு எத்தனை நாள்டா உக்காந்திருப்ப?"ன்னு கேட்டாரு. போன இடத்துல, அந்த லாண்டரியில, மெஷின்ல ஏதோ கருகற வாசனை வருதுன்னு வாயைத் திறந்தேன், அந்த வாரமே அனுப்பிட்டாங்க. அதுல இருந்து எங்க நின்னாலும் கதவு பக்கமாவே நிக்கற மாதிரி ஒரு பயம்.

ஆனா இன்னைக்கு இங்க ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லிட்டு மாமா விஷயத்துக்கு வரேன்.

இங்க நாங்க பழைய பிரிட்டிஷ் கார்களைத்தான் பிரிச்சு, துரு எடுத்து, திரும்பச் சேர்க்கறோம். நடத்தறது ஒரு அக்கா. நான் முதலாளியக்கான்னு சொல்றேன், உங்களுக்குக் குழப்பம் வராம இருக்க. இன்ஜின், ஆக்சில், பிரேக் எல்லாம் அவங்க கைதான். அவங்க வீட்டுக்காரர் பெயின்டர். பெயின்ட் ரூம்ல ஒரு ஈ பறந்தாக்கூட அதை சார்ஜ் ஷீட் போட்டு வெளிய அனுப்பற ஆளு. அவர்தான் எனக்கு "செக்கிங்"னு பேர் வச்சாரு. போல்ட்டை இறுக்கிட்டு வந்து, திரும்பப் போய்த் தொட்டுப் பாக்கறேன்ல, அதுக்காக. "டேய் செக்கிங், வீட்டைப் பூட்டிட்டு எத்தனை தடவைடா இழுத்துப் பாப்ப?"ன்னு தினமும் கேப்பாரு. நான் சிரிச்சுக்குவேன். உண்மையிலயே நிறைய தடவை இழுத்துப் பாப்பேன்.

இன்னைக்கு டெலிவரி குடுக்க வேண்டியது ஒரு கணக்கு வாத்தியாரோட கார். ரெண்டே சீட்டு, மடக்கற துணிக் கூரை, நீளமான மூக்கு. அவர் வாங்கினப்போ அது ஒரு கொட்டகையில கிடந்துச்சாம், டிரைவர் சீட்டுல கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சாம். "கோழியை எழுப்பத்தான் எனக்கு மனசு வரல"ன்னு வாத்தியாரம்மா சொல்லுவாங்க. சனிக்கிழமை ஆனா ரெண்டு பேரும் இங்க வந்துடுவாங்க, வருஷக்கணக்கா. ஒயரிங் முழுக்க வாத்தியார் தானே உக்காந்து இழுத்தது. சீட்டுத் தோலை வெட்டித் தைச்சது அந்தம்மா. தையல் ஒரு நூல் கோணல் கிடையாது. பழைய அங்குல அளவு போல்ட்டுங்கறதால நம்ம சாதாரண ஸ்பேனர் ஒண்ணும் பொருந்தாது, அதுக்குன்னே வாத்தியார் தனி செட் தேடி வாங்கி, பிறந்த குழந்தையைத் துணியில சுத்தற மாதிரி சுத்தி எடுத்துட்டு வருவாரு.

பச்சைன்னா அப்படி ஒரு பச்சை, மழை விட்டதும் மரத்துல ஒரு கருப்பு கலந்த பச்சை தெரியுமே, அது. உள்ள பார்த்தா வட்ட வட்டமா மீட்டர், விரலால தட்டற சின்னச் சின்ன சுவிட்ச். ஒவ்வொரு சுவிட்சும் "டிக்"னு ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கே நான் சும்மா போட்டுப் போட்டு அணைப்பேன். கீழ மட்டும் எப்பவும் ஒரு தட்டு வைக்கணும். "இந்தக் குடும்பத்துக் காருங்களுக்கே ஜலதோஷம், மூக்கு ஒழுகிட்டே இருக்கும்"னு பெயின்டர் சொல்லுவாரு. எண்ணெயைச் சொல்றாரு.

சக்கரம் சைக்கிள் மாதிரி கம்பிக் கம்பியா இருக்கும். நடுவுல ஒரே ஒரு பெரிய நட்டு, ரெண்டு காது வச்சது. மேல் காதுல செம்புச் சுத்தியலால அடிச்சுத்தான் இறுக்கணும். கார் ஓட ஓட தானா கழலாம இருக்கறதுக்காக வலது பக்கத்து மரையும் இடது பக்கத்து மரையும் எதிரெதிரா வெட்டியிருப்பாங்க. நமக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். எந்தப் பக்கமா இருந்தாலும், மேல் காதை காரோட பின்னாடி பாத்து அடிச்சா இறுகும், முன்னாடி பாத்து அடிச்சா கழலும். நட்டு மேலயே இடது, வலதுன்னு எழுத்து இருக்கும். குரோம் போடறதுக்கு முன்னாடி தேய்ச்சவங்க தேய்ச்ச தேய்ப்புல அந்த எழுத்து மழுங்கிப் போச்சு.

காலையில முதலாளியக்கா காரை எடுத்துட்டுப் போய் ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாங்க. புதுசா மாட்டின சக்கரத்தை ஒரு ஓட்டம் ஓடினதும் மறுபடி தட்டிப் பாக்கணும். அது என் வேலை.

முன்சக்கரம் ரெண்டும் அசையல. கோயில் மணி மாதிரி "டங்". வலது பின்சக்கரத்துக்கு வந்தேன். பின்னாடி பாத்து ஒரு அடி. நட்டு நகர்ந்துச்சு. பரவாயில்ல, இன்னும் இறுகுதுன்னு நெனச்சேன். அடுத்த அடிக்கு இன்னும் லேசா நகர்ந்துச்சு. அப்பதான் சந்தேகம் வந்துச்சு. இறுகற நட்டு போகப் போக அடம் பிடிக்கணும்ல? இது வழி விடுது.

மாத்தி, முன்னாடி பாத்து அடிச்சேன். இறுகிச்சு.

இடது பின்சக்கரத்துக்கு ஓடினேன். அதுவும் அப்படியே. எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? முதலாளியக்கா மாட்டினது தப்பா இருக்காது, எனக்குத்தான் முன்னாடி பின்னாடி தெரியலன்னு. முன்சக்கரத்துக்குப் போய் மறுபடி பார்த்தேன். சரியாத்தான் இருக்கு. ஒரே பக்கத்துல ரெண்டு சக்கரம், ஒண்ணு இந்தப் பக்கம் இறுகுது, இன்னொண்ணு அந்தப் பக்கம் இறுகுது.

அதுக்குள்ள சாவி கைமாறிடுச்சு. வாத்தியார் தொப்பி போட்டுட்டாரு. வாத்தியாரம்மா தலையில ஸ்கார்ஃப் கட்டிட்டாங்க. மலை ரோட்டு வழியா பொண்ணு வீட்டுக்குப் போறாங்க. அந்தப் பொண்ணு, "ஓடாத காருக்கு எதுக்குப்பா இவ்ளோ பேச்சு"ன்னு வருஷக்கணக்கா கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கு. இன்னைக்கு அது வீட்டு வாசல்ல போய் ஹாரன் அடிக்கணும்னு திட்டம்.

"டேய் செக்கிங், சுத்தியலை வச்சுட்டு வாடா, போட்டோ!"ன்னு பெயின்டர் கூப்பிட்டாரு.

சொல்லணும். ஆனா லாண்டரி ஞாபகம்தான் வருது. எல்லார் முன்னாடியும் முதலாளி தப்பு பண்ணிட்டாங்கன்னு எப்படிச் சொல்றது? நான் சொல்றது தப்பா இருந்தா? இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம நான் போய் காருக்கு நேர் முன்னாடி நின்னுட்டேன். சுத்தியலோட.

வாத்தியார் தலையை வெளிய நீட்டி, "தம்பி, வழியனுப்பறதுன்னா ஓரமா நின்னு அனுப்புப்பா"ன்னாரு.

நான் நகரல.

"என்னடா ஆச்சு உனக்கு?" முதலாளியக்கா.

"அக்கா, பின்சக்கரம்…"

"பின்சக்கரத்துக்கு என்ன?"

"எனக்குத்தான் தப்பாத் தெரியுதோ என்னவோக்கா. பின்னாடி அடிச்சா கழலுது."

பெயின்டர் சிரிச்சாரு. "நேத்து நான்தான் மாட்டினேன். ராஜா மாதிரி இறுகுச்சு."

"எந்தப் பக்கம் பாத்து அடிச்சே?"ன்னு முதலாளியக்கா அவரைக் கேட்டாங்க.

"எந்தப் பக்கம் இறுகுச்சோ அந்தப் பக்கம்."

முதலாளியக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியும். அப்புறம் இன்ஜினை அணைக்கச் சொன்னாங்க. என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிட்டு, சுத்தமான டிரஸ்ஸோடவே தரையில முட்டி போட்டாங்க. ஒரு அடி. இன்னொரு அடி. எழுந்து அந்தப் பக்கம் போனாங்க. அங்கயும் ரெண்டு அடி. மாமாவோட குடோன் கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

"சக்கரம் உக்கார்ற ஹப்பை இடம் மாத்தி மாட்டியிருக்கேன்"னாங்க. "ஆக்சிலை அடிப்பக்கம் சுத்தம் பண்ணத் தலைகீழாப் போட்டிருந்தோம்ல? அது தலைகீழா இருக்கும்போதே ஹப்பை மாட்டிட்டேன். இடது வலதாயிடுச்சு."

பெயின்டர் அவசரமா, "சார், ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்…"னு ஆரம்பிச்சாரு.

"சின்னது இல்ல"ன்னு முதலாளியக்கா வெட்டினாங்க. "சார், மலை ரோட்டுல உங்க சக்கரம் உங்களுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தப்பு என்னோடது. சாவியைக் குடுங்க."

அப்பா, நான் இது வரைக்கும் ஒரு முதலாளி வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்ல. மெதுவாக்கூட இல்ல, கஸ்டமர் முன்னாடி, முழுக் குரல்ல, தலையைக் குனியாம. மூஞ்சியில ஒரு வெக்கம் இருந்துச்சு, ஆனா அதை மறைக்கவே இல்ல. அந்த நிமிஷம் எனக்கு அவங்க மேல வந்த மரியாதையை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

வாத்தியார் சாவியை நீட்டினாரு. முகம் வாடிடுச்சு பாவம். வாத்தியாரம்மாதான் ஸ்கார்ஃபை அவுத்துட்டு இறங்கினாங்க. "கோழி எந்திரிக்கற வரைக்கும் காத்திருந்தோம், இதுக்குக் காத்திருக்க மாட்டோமா? ஏங்க, கோட்டைக் கழட்டுங்க. உங்க ஸ்பேனர் மூட்டை எங்க?"

அப்புறம் எல்லாரும் வேலையில இறங்கிட்டோம். காரைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, ரெண்டு சக்கரத்தையும் எடுத்து, ஹப்பைக் கழட்டினோம். வாத்தியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்தம்மா கழட்டின ஒவ்வொண்ணையும் வாங்கித் துடைச்சு, துணி விரிச்சு வரிசையா வச்சாங்க. பெயின்டர் டீ போட்டுக் குடுத்துட்டு, யாராவது மட்கார்டுல சாய்ஞ்சா "பெயின்ட்டு, பெயின்ட்டு"ன்னு கத்திக்கிட்டே காவல் காத்தாரு.

காருக்கு அடியில படுத்திருக்கும்போது முதலாளியக்கா மெதுவா கேட்டாங்க. "ஏன்டா உடனே சொல்லல?"

"பயம்க்கா."

"எதுக்கு?"

"வேலை போயிடும்னு."

அக்கா அடுத்த நட்டுல ஸ்பேனரை மாட்டினாங்க. அப்புறம், "அடுத்த தடவை காருக்கு முன்னாடி போய் நிக்காத. வாயால சொல்லு. அந்த பிரேக்கும் நான் மாட்டினதுதான்"னாங்க.

எனக்கு அடக்க முடியல. தலையை நிமித்தி சிரிச்சதுல சைலன்சர் பைப்புல நெத்தி இடிச்சுக்கிட்டேன். அம்மா, பெருசா ஒண்ணும் இல்ல, லேசான வீக்கம்தான்.

சாயங்காலம் வெயில் சாயற நேரத்துக்கு முடிஞ்சுது. ஓட்டிப் பாக்க முதலாளியக்கா உக்காந்தாங்க, பக்கத்து சீட்டைக் காட்டி என்னை ஏறச் சொன்னாங்க. இத்தனை மாசமா இந்தக் காரோட ஒவ்வொரு எலும்பையும் தொட்டிருக்கேன், உள்ள உக்காந்து போனதில்ல. ரோடு கைக்கு எட்டற மாதிரி பக்கத்துல ஓடுது. முன்னாடி அந்த நீளமான பச்சை மூக்குல வானம் வழிஞ்சுக்கிட்டே போகுது. கியர் மாத்தும்போது அடியில ஒரு உறுமல், கோபமில்லாத உறுமல், நாய் தூக்கத்துல பண்ற மாதிரி. ரோட்டுல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்து சிரிச்சாங்க. அவங்க முகத்துல ஒரு பொறாமையும் இல்ல. இந்த வண்டியைப் பார்த்தா யாருக்கும் பொறாமை வராதுன்னு நெனக்கறேன்.

திரும்பி வந்ததும் முதலாளியக்கா சுத்தியலை என் கையில குடுத்துட்டு, "இனிமே இந்த ஷாப்புல இருந்து எந்தக் கார் போனாலும் கடைசித் தட்டு இவனோடதுதான். இவன் சரின்னு சொல்லாம சாவி போகாது"ன்னு பெயின்டர்கிட்ட சொன்னாங்க.

"அப்ப நாம யாரும் வீட்டுக்குப் போன மாதிரிதான்"னாரு அவரு.

நாலு சக்கரத்தையும் தட்டினேன். பின்னாடி பாத்து. நாலும் அசையல. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க. இன்னொரு தடவை தட்டிப் பாக்கணும்னு கை அரிச்சுது. தட்டல. "சரி"ன்னேன்.

வாத்தியார் ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு, கிரீஸைப் பாக்காம. போயிட்டாங்க. முனை திரும்பற வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

முதலாளியக்கா கதவைச் சாத்தும்போது கேட்டாங்க, "திங்கக்கிழமையில இருந்து நிரந்தரமா எழுதிக்கட்டுமா, இல்ல வேற எங்கயாவது போறியா?" நான் இருக்கேன்க்கான்னு சொல்லிட்டேன். உங்க யாரையும் கேக்காம சொல்லிட்டேன்.

மாமா நல்லவர்தான். எனக்காகத்தான் பேசி வச்சிருக்காரு, தெரியும். ஆனா நான் போன் பண்ணினா அவரு ஒரு சத்தம் போடுவாரு, நான் உடனே "சரி மாமா"ன்னுடுவேன். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும்ல. அதனால அம்மாவோ, அப்பாவோ, தங்கச்சியோ, யார் இதை முதல்ல படிக்கறீங்களோ, மாமாவுக்கு இப்பவே ஒரு போன் போட்டு, நான் குடோனுக்கு வரலைன்னு சொல்லிடுங்க.