ஒரே படங்குக்குள்

தெமோதரை மலையில் பனி விலகுமுன்பே தேயிலை நிரையில் இறங்கிவிட்டோம். இடுப்பில் கட்டிய தடித்த படங்குதான் ஈரத்துக்கும் முள்ளுக்கும் எங்களுக்குக் காவல். அப்படியும் முழங்காலுக்குக் கீழே விறைத்துப்போனது. கொழும்புக் கடைகளும் கட்டார் நாட்டு வேலையும் எங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு போய்விட்டன. மிச்சமிருக்கும் கிழடுகட்டைகள்தான் இந்த மலையைக் கட்டி மாரடிக்கிறோம்.

நிரைக்குப் போகுமுன், ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் தோட்டத்துத் துரை கத்தினார்: "ஆள் பத்தல. வெளியாள் கொண்டாந்திருக்கேன். இன்னைக்குக் கொழுந்து நிறை கொறஞ்சு, அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேரு வாங்குறவங்க, குடியிருக்கிற காம்பராவ அவங்களுக்கு விடணும்."

எங்களோடு கொழுந்து பறிக்கும் நேசராணி பதறினாள். மகன் ஜெசிந்தன் கட்டாரில். வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். "நான் எங்கங்கய்யா போவேன்?"

"ஒங்க பாட்டன எதுக்கு இந்தியாவுலேருந்து கொண்டாந்தாங்க? ஆள் இல்லாமத்தானே? இப்பவும் அதத்தான் செய்யிறேன்."

"கொண்டாந்தது அவங்கள. நாங்க இங்கேயே பொறந்தவங்க!" என்றேன். துரை வெளியாட்கள் வந்த லொறிப் பக்கம் திரும்பினார்.

லொறியில் வந்தவர்களில் அகீலா என்ற பெண்ணை நேசராணியின் பக்கத்து நிரையில் விட்டார்கள். வெலிமடைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. எனக்கோ வயிறு எரிந்தது. ஒருத்தரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மத்தியானம் நெருங்கும்போது குளவி கிளம்பியது.

"படுங்கடி!" என்று கத்தி, படங்கை இழுத்து மூடிக் குப்புற விழுந்தோம். அகீலாவுக்குத் தெரியவில்லை, பாவம், ஓடினாள். ஓடினால் குளவி விடுமா? நேசராணி நிறைந்த கொழுந்துப் பையை உதறிவிட்டுப் பாய்ந்து அவளைக் கீழே தள்ளி, தன் படங்கால் இருவரையும் மூடினாள். ஒரு கை மட்டும் வெளியே கிடந்தது.

பை வடிகால் கானுக்குள் உருண்டு கொழுந்தெல்லாம் தண்ணீரோடு போயிற்று. நேசராணியின் கை பணிஸ் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது.

தராசடியில் துரை அந்தக் கையைப் பார்க்கக்கூட இல்லை. "அரைப்பேரு. காம்பராவக் காலி பண்ணு."

அகீலா தன் பையைத் தராசிலிருந்து இறக்கினாள். "எனக்கு அந்த வீடு தேவல்ல. இவங்கட முழுப்பேரு விழுற வரைக்கும் என்ட கொழுந்த நிறுக்க ஏலாது."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் பையையும் இறக்கினேன். பின்னால் ஒவ்வொருத்தியாக இறக்கினார்கள், லொறியில் வந்தவர்களும்தான்.

"கொழுந்து பைக்குள்ள வெந்து கெட்டுப் போயிரும்!" என்று துரை பதறினார்.

"வேகட்டும்ங்க. மொதல்ல இவள ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க. முழுப்பேரு போடுங்க. காம்பரா பேச்ச விடுங்க" என்றேன்.

துரை ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்கப் போனை எடுத்தார். நேசராணி நல்ல கையால் தன் படங்கை ஈரத்தரையில் விரித்து, "ஒக்காரு புள்ள" என்றாள். அகீலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சத்துக்கும் பதில் வரும்வரை எழும்புவதில்லை என்று நாங்களும் உட்கார்ந்தோம்.