எட்டுக் கம்பியும் ஒரு போர்வையும்

தன் வேலை போனதிலிருந்து மனைவி காத்திருந்த நேர்முகத் தேர்வு அன்று காலைதான், வீடியோவில். வீட்டில் அமைதியான இடம் பின்னறை மட்டும்தான். அங்கே வைஃபை எட்டிப் பார்ப்பதோடு சரி. சும்மா இருந்திருக்கலாம். "கேபிள் இழுத்துத் தரேன், கவலைய விடு" என்று களத்தில் குதித்தேன்.

கடையில் கேட் ஃபைவ், கேட் சிக்ஸ், உறை போட்டது, போடாதது என்று கேபிள்கள் சுருள் சுருளாகத் தொங்கின. இருப்பதிலேயே தடியானதை வாங்கினேன். என் தொழில்நுட்ப அறிவு அவ்வளவுதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து பாடம் நடத்தினேன்.

"உள்ள எட்டுக் கம்பி, நாலு ஜோடி. ஒரு ஜோடி பேசுறது இன்னொண்ணுல கலக்கக் கூடாதுன்னுதான் முறுக்கி வச்சிருக்கான்."

"நம்ம ஜோடில ஒருத்தர் மட்டும்தான் பேசுறார்" என்றாள்.

முனையில் பிளக் மாட்ட வேண்டும். பிளக் பெட்டியில் இருந்த படம் பச்சை ஜோடியைப் பிரித்து, நடுவில் நீலத்தை நுழைக்கச் சொன்னது. எந்த மேதாவி வரைந்ததோ! நான் ஜோடி பிரியாமல் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று அழகாக அடுக்கினேன், இரு முனையிலும். கடையில் கொடுத்த சோதனைக் கருவியில் செருகினால் எட்டு விளக்கும் எரிந்தன. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் கேள்வியிலேயே திரையில் இருந்த அதிகாரி வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். மறுபடி வந்தார், மறுபடி உறைந்தார். அவசரமாகப் படத்தைப் புரட்டினேன். பிளக்கின் மூன்றாவது, ஆறாவது இடங்கள் ஒரே ஜோடிக்கு உரியவையாம். நான் பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று வேற்று ஜோடிகளைக் கோத்துவிட்டிருந்தேன். முறுக்கு இருந்தும் பயனில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ரவுட்டர் அங்கே செருப்பு அலமாரிமேல் இருந்தது. அதனுடன் இலவசமாக வந்த குட்டைக் கேபிளைச் செருகித் தரையில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி செருப்பு தெரியுது. போர்வையப் பிடிச்சிட்டு நில்லுங்க. மூச்சு விடாதீங்க."

நின்றேன். கை கடுத்தது. அதிகாரி இப்போது தெளிவாகக் கேட்டார்: "சொன்ன பேச்சு கேட்காத ஆளோட வேலை செஞ்ச அனுபவம் இருக்கா?"

"இருக்கு சார். இப்பவும் பின்னாடி போர்வையப் பிடிச்சிட்டு நிக்கிறார்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு அவர், எப்போது வேலையில் சேர முடியும் என்று கேட்டார்.

போர்வையை நான் இறக்கவே இல்லை. கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்துவிடுவாளே.